அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் ஆன் ஆகவில்லையா? 'ரீசெட்' கொடுக்கும் முன் இதைப் படிங்க!

புதன்கிழமை இரவு 'அப்டேட் அண்டு ஷட் டவுன்' கொடுத்துவிட்டு லேப்டாப்பை மூடியிருப்பீர்கள். வியாழன் காலை 10 மணி மீட்டிங்குக்கு 9.50க்குத் திறந்தால் லோகோ வரும், கீழே புள்ளிகள் வட்டமடிக்கும், திரை இருண்டு மறுபடி அதே லோகோ வரும். மூன்றாவது முறையும் இதே கதை நடக்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். "ஐயோ, எல்லாமே இதுக்குள்ளதானே இருக்கு!"

இது உங்கள் ராசி இல்லை. விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அதற்கு 'பேட்ச் ட்யூஸ்டே' என்றே பெயர். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அதனால்தான் 'என் லேப்டாப் ஆன் ஆகல' என்ற புலம்பல் நம் ஊரில் புதன், வியாழக்கிழமைகளில் அதிகம் கேட்கும்.

இந்த நேரத்தில் பலரும் செய்வது இரண்டு. ஒன்று, திரையில் தெரியும் 'ரீசெட்' பட்டனை அழுத்திவிடுவது. இன்னொன்று, தெருமுனைக் கடைக்கு எடுத்துப்போய் "எப்படியாவது ஆன் பண்ணிக் கொடுங்க" என்று கொடுத்துவிட்டு வருவது. மாலையில் லேப்டாப் பளிச்சென்று ஆன் ஆகும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், குழந்தையின் முதல் வருட போட்டோக்கள் எதுவும் உள்ளே இருக்காது. அப்டேட் அவற்றை அழித்திருக்காது. ஃபார்மட்தான் அழித்திருக்கும்.

ஒரு அப்டேட் வழக்கமாகக் கைவைப்பது விண்டோஸின் சொந்த ஃபைல்களிலும் டிரைவர்களிலும்தான். உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அது தொடுவதில்லை. விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் (1809 பதிப்பு) சிலரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே காலி செய்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. ஆனால் லேப்டாப் 'பூட்' ஆகாமல் நிற்பது வேறு வகைப் பிரச்சினை. வாசல் கதவு சிக்கிக்கொண்டது. வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன.

ஒரு சின்ன அப்டேட் லேப்டாப்பையே சாய்ப்பது எப்படி?

நாம் திறக்கும் பிரவுசர், வேர்டு போன்றவை கிராஷ் ஆனால் அவை மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் விண்டோஸின் அடிமட்டத்தில் 'கெர்னல்' என்றொரு பகுதி இருக்கிறது. மெமரி, ஹார்டுடிஸ்க், கிராபிக்ஸ் எல்லாம் அதன் கையில். டிரைவர்கள் பலவும், ஆன்டிவைரஸ் போன்ற பாதுகாப்பு மென்பொருட்களின் சில பகுதிகளும் இந்த மட்டத்தில்தான் ஓடுகின்றன. இங்கே ஒரு தவறு நடந்தால், மேற்கொண்டு ஓடினால் டேட்டா கெடலாம் என்று விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அதுதான் பிரபலமான நீலத்திரை. 2025-ல் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அது கருப்பாக மாறிவிட்டது. நிறம் மாறினாலும் வேலை அதேதான்.

தவறு செய்யும் டிரைவர், லேப்டாப் ஆன் ஆகும்போதே ஏறும் வகை என்றால்தான் சிக்கல். ஆன் ஆகும், டிரைவர் ஏறும், கிராஷ் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி அதே டிரைவர் ஏறும். இதுதான் 'பூட் லூப்'.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம், 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை. நிறுவனங்களுக்கான பாதுகாப்பு மென்பொருளான கிரவுட்ஸ்ட்ரைக் 'ஃபால்கன்', இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ஃபைலை அனுப்பியது. முழு மென்பொருள் அப்டேட்கூட இல்லை, புதுவகைத் தாக்குதலை அடையாளம் காண்பதற்கான குறிப்புகள் கொண்ட ஃபைல். மென்பொருள் அதற்குக் கொடுத்தது 20 உள்ளீடுகள், புதிய குறிப்போ 21-வது ஒன்றைத் தேடியது. இல்லாத இடத்தில் தேடியதால் மெமரி பிழை, கெர்னல் மட்டம் என்பதால் மொத்த கம்ப்யூட்டரும் கிராஷ்.

78 நிமிடத்தில் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பிரயோஜனம் இல்லை. ஏற்கெனவே விழுந்த கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டுக்குப் போய்ச் சரியான ஃபைலை இறக்கும் முன்பே மறுபடி மறுபடி விழுந்துகொண்டிருந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் அடுத்த 5 நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது.

ஆனால் தீர்வைப் பாருங்கள்: சேஃப் மோடில் போய் அந்த ஒரே ஒரு ஃபைலை டெலீட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருந்த வேலை எல்லாம் அப்படியே இருந்தது. பிறகு ஏன் நாள்கணக்கில் இழுத்தது? ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு மனிதர் நேரில் போக வேண்டியிருந்தது. போனால் பல கம்ப்யூட்டர்கள் 48 இலக்கச் சாவி கேட்டன. அந்தச் சாவியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன், உடனடியாகச் செய்ய வேண்டியவை.

முதலில் ஒரு போட்டோ எடுங்கள்

திரையில் என்ன தெரிகிறதோ அதை போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். 'கிரிட்டிகல் ப்ராசஸ் டைடு', 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்பதுபோன்ற வரி இருந்தால் அதுதான் நோயின் பெயர். பிறகு கடைக்காரரிடமோ ஆபீஸ் ஐ.டி. டீமிடமோ பேசும்போது "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்று சொல்வதைவிட அந்த போட்டோ நூறு மடங்கு உதவும்.

அடுத்து, உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். '30% கம்ப்ளீட்' என்று காட்டி அங்கேயே அரை மணி நேரம் நிற்பது கிராஷ் அல்ல. பழைய ஹார்டுடிஸ்க் உள்ள லேப்டாப்களில் இது சகஜம். பொறுமையாக ஒன்று, இரண்டு மணி நேரம் விடலாம். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் பட்டனை அழுத்தி அணைப்பதுதான் நல்ல அப்டேட்டையும் கெட்ட அப்டேட்டாக்கும். பேட்டரி செத்துப்போய், சார்ஜரிலேயே டெஸ்க்டாப் மாதிரி ஓடும் லேப்டாப் நிறைய வீடுகளில் உண்டு. அப்டேட் நேரத்தில் கரண்ட் போனால் அதற்கும் இதே கதிதான்.

பென் டிரைவ், மெமரி கார்டு, வயர்லெஸ் மவுஸின் டாங்கிள், டாக், பிரின்டர் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜர் மட்டும் இருக்கட்டும். ஒருமுறை முழுதாக அணைத்து ஆன் செய்யுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் செருகியிருந்த ஒரு பென் டிரைவிலிருந்து பூட் ஆகப் பார்த்துத் திணறும் லேப்டாப்களும் உண்டு.

ஆனால் உள்ளே இருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். அது அப்டேட் பிரச்சினை அல்ல, ஹார்டுடிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அப்டேட் ஒரே நேரத்தில் நிறைய எழுதும், நிறைய படிக்கும். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த டிஸ்க் அந்தச் சுமையில் விழுந்துவிடும், பழி அப்டேட் மேல் போகும். அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்வதும், வீடியோ பார்த்து டிஸ்க் செக் கமாண்டு ஓட்டுவதும் மிச்சம் இருக்கும் டேட்டாவுக்கும் ஆபத்து.

நீலநிற மெனுவுக்குள் போவது எப்படி?

விண்டோஸுக்குள் அதன் முதலுதவிப் பெட்டி ஒன்று தனியாக இருக்கிறது. பெயர், ரெகவரி என்விரான்மென்ட். தொடர்ந்து இரண்டு முறை பூட் ஆகாமல் போனால் மூன்றாவது முறை அதுவே வரும். வராவிட்டால் வரவழைக்கலாம்: லோகோ வந்து புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைச் சுமார் 10 விநாடி அழுத்தி அணையுங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்ற எழுத்து தெரியும். கட்டாயமாக அணைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். அப்டேட் சதவீதம் காட்டும்போது கூடாது; வெறும் லோகோவில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பரவாயில்லை.

அங்கே 'ட்ரபுள்ஷூட்' என்பதை அழுத்தினால் இரண்டு வழிகள் தெரியும். மேலே பெரிதாக 'ரீசெட் திஸ் பிசி'. கீழே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. ஆபத்தானதை மேலேயும், நமக்குத் தேவையானதை 'அட்வான்ஸ்டு' என்று பயமுறுத்தும் பெயரோடு கீழேயும் வைத்தது யார் யோசனையோ! நீங்கள் போக வேண்டியது கீழே உள்ளதற்கு.

அதற்குள் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' இருக்கும். ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம், நஷ்டமில்லை. பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அப்டேட் போட்ட உடனே பிரச்சினை என்றால் நேராக 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' போவதே நல்லது. அங்கே இரண்டு தேர்வுகள். மாதாமாதம் வரும் சிறிய அப்டேட் என்றால் 'குவாலிட்டி அப்டேட்'. 24எச்2, 25எச்2 மாதிரி பதிப்பே மாறியிருந்தால் 'ஃபீச்சர் அப்டேட்'. இரண்டாவதை சாதாரணமாக 10 நாட்களுக்குள் மட்டுமே திரும்பப் பெற முடியும். அதன்பின் பழைய பதிப்பின் ஃபைல்களை விண்டோஸே அழித்துவிடும். இந்த இரண்டுமே உங்கள் சொந்த ஃபைல்களைத் தொடுவதில்லை.

அதுவும் பலிக்கவில்லையா? 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களோடு ஒரு பட்டியல் வரும். 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, 5 என்றால் இன்டர்நெட்டுடன் சேஃப் மோடு. அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் திறக்கும் முறை இது. ஐகான்கள் பெரிதாக, திரை அசிங்கமாகத் தெரியும். கவலை வேண்டாம்.

சேஃப் மோடு திறந்தது என்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அப்போது முதல் வேலை பிரச்சினையைச் சரிசெய்வது அல்ல. முக்கியமான ஃபைல்களை ஒரு வெளி டிரைவில் காப்பி எடுப்பது. மறுபடி இந்த வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். காப்பி முடிந்த பிறகு, சமீபத்தில் போட்ட மூன்றாம் தரப்பு ஆன்டிவைரஸ், விபிஎன் போன்றவற்றை நீக்கிப் பாருங்கள். புதிதாக ஏறியது கிராபிக்ஸ் டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுக்கலாம்.

இந்த முதலுதவிப் பெட்டியே பழுதான கதையும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, ரெகவரி திரையில் யூ.எஸ்.பி. கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லை. மெனு தெரியும், எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. 6 நாள் கழித்து, 20-ம் தேதி, மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு தனி அப்டேட் விட்டுச் சரிசெய்தது.

'48 இலக்க எண்ணை உள்ளிடவும்' என்றால்?

இப்போது அந்தச் சாவி. அப்டேட்டுக்குப் பிறகு கிராஷ் எதுவும் இல்லாமல், நீலத் திரையில் 'பிட்லாக்கர் ரெகவரி' என்று வந்து நிற்கும் லேப்டாப்கள் கூடிக்கொண்டே போகின்றன. 'நான் பிட்லாக்கர் எதுவும் போடவே இல்லையே' என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம். உண்மைதான், அவர்கள் போடவில்லை. விண்டோஸ் போட்டது.

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் குறியாக்கம் செய்யும் வசதி. லேப்டாப் திருடுபோனாலும் டிஸ்க்கைக் கழற்றி யாரும் படிக்க முடியாது. புதிய லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் லாகின் செய்து செட்டப் செய்யும்போது, 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இதன் எளிய வடிவம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்தியதால், புதிதாக இன்ஸ்டால் செய்யப்படும் இன்னும் பல லேப்டாப்களுக்கு இது வந்துவிட்டது. விலை குறைந்த ஹோம் பதிப்பும் விலக்கல்ல.

தினமும் சாவி கேட்காமல் திறப்பது எப்படி? மதர்போர்டில் டிபிஎம் என்று ஒரு பாதுகாப்பு சிப் இருக்கிறது. லேப்டாப் ஆன் ஆகும்போது பயாஸ், பூட் ஃபைல்கள் எல்லாம் நேற்று இருந்த மாதிரியே இருக்கின்றனவா என்று சரிபார்த்து, இருந்தால் சாவியை அதுவே கொடுத்துவிடும். ஒரு அப்டேட் அந்த இடத்தில் எதையாவது மாற்றினால், சிப்புக்கு சந்தேகம் வந்துவிடும். 'நீ நிஜமாவே இந்த வீட்டு ஆளா?' என்று கேட்பதுதான் அந்த நீலத் திரை. லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் பயாஸ் அப்டேட்கள், பல நேரம் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருகின்றன. அப்போது இப்படிக் கேட்க வாய்ப்பு அதிகம்.

மைக்ரோசாஃப்ட்டின் சொந்த அப்டேட்டாலும் நடந்திருக்கிறது. 2024 ஜூலை மாத அப்டேட்டுக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் பிட்லாக்கர் திரையில் போய் நின்றன, ஆகஸ்ட் அப்டேட்டில்தான் அது தீர்ந்தது. 2025 மே மாதம் விண்டோஸ் 10-ல், இன்டெல் விப்ரோ வசதியுள்ள சில கம்ப்யூட்டர்களில் மறுபடி அதே பிரச்சினை வந்தது.

சாவி கையில் இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. எண்ணை அடித்தால் லேப்டாப் எதுவுமே நடக்காத மாதிரி திறக்கும். இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்கள் போனது போனதுதான். காணாமல்போன சாவியைத் தங்களாலும் எடுத்துத் தரவோ மறுபடி உருவாக்கவோ முடியாது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. எந்தக் கடைக்காரரும் அதை உடைக்க முடியாது. 'நான் ஓப்பன் பண்ணித் தரேன்' என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு புது விண்டோஸ் போட்டுத் தரேன் என்பதைத்தான்.

சாவி எங்கே இருக்கும்? போனில் பிரவுசரைத் திறந்து, லேப்டாப்பில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 'டிவைசஸ்' பகுதிக்குப் போனால் அந்த லேப்டாப்பின் பெயரோடு ரெகவரி கீ இருக்கும். நீலத் திரையில் 'கீ ஐடி' என்று ஒரு எண் தெரியும். அதன் முதல் 8 எழுத்துகள் கணக்கில் உள்ள கீ ஐடியோடு பொருந்தினால் அதுதான் சரியான சாவி. ஒன்றுக்கு மேல் இருந்தால் குழம்ப வேண்டாம், பொருந்துவதை எடுங்கள்.

அங்கே இல்லையென்றால் அவசரப்பட்டு நம்பிக்கை இழக்காதீர்கள். முதன்முதலில் லேப்டாப்பை செட்டப் செய்தது யார் என்று யோசியுங்கள். அண்ணன் தன் மெயில் ஐடியைப் போட்டிருக்கலாம். வாங்கிய கடையிலேயே 'எல்லாம் ரெடி பண்ணித் தரோம் சார்' என்று ஒரு புது ஐடி உருவாக்கிக் கொடுத்திருக்கலாம். கல்லூரி மெயிலில் ஒருமுறை லாகின் செய்திருக்கலாம். சாவி அந்தக் கணக்கில் இருக்கும். கல்லூரி, ஆபீஸ் கணக்கு என்றால் அங்குள்ள ஐ.டி. நிர்வாகியால் எடுத்துத் தர முடியும்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சாவி கேட்டால், உள்ளே போனதும் பிட்லாக்கரை 'சஸ்பெண்டு' செய்து, உடனே 'ரெஸ்யூம்' கொடுங்கள். மாறிய நிலையைப் புதிய வழக்கமாக சிப் ஏற்றுக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில் 'மைக்ரோசாஃப்ட் கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுபவர்களுக்காகவே காத்திருக்கும் கும்பல்கள் இருக்கின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தின்போதும் போலி உதவித் தளங்கள் முளைத்தன, செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்க வேண்டிவந்தது. போனில் ரிமோட் ஆப் போடச் சொன்னாலோ, அந்த 48 இலக்கத்தைப் படித்துக்காட்டச் சொன்னாலோ லைனைத் துண்டியுங்கள்.

விண்டோஸ் வேண்டாம், ஃபைல் மட்டும் போதும்

எதுவுமே பலிக்கவில்லை, நாளைக்கு சப்மிஷன். அப்போது விண்டோஸை மறந்துவிட்டு ஃபைலை மட்டும் வெளியே எடுக்கலாம். நண்பரின் கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் லேப்டாப்பை பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை உபுண்டு' கொடுத்தால் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்கள் தெரியும். வேறொரு டிரைவுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். தவறிக்கூட 'இன்ஸ்டால்' அழுத்திவிடாதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றக்கூடிய மாடல் என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்க்ளோஷரில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகியும் எடுக்கலாம். டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தால் இரண்டு வழியிலும் அதே 48 இலக்கச் சாவி வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது.

கடைக்குத்தான் போவதென்றால், அது ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் சரி, பக்கத்துத் தெருவாக இருந்தாலும் சரி, முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "அண்ணே, எனக்கு உள்ளே இருக்கிற டேட்டா வேணும். கேட்காம ஃபார்மட் பண்ணிடாதீங்க." ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள். பெரும்பாலான கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. 'ஆன் ஆகல' என்று மட்டும் சொன்னால், ஆன் ஆக வைப்பதுதான் அவர்கள் வேலை. அதற்குக் குறுக்கு வழி ஃபார்மட்.

ரீசெட் என்பது எப்போதுமே தப்பா என்றால், இல்லை. காப்பி எடுத்த பிறகு தாராளமாகச் செய்யலாம். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இரண்டு இருக்கும். முதலாவது உங்கள் ஃபைல்களை விட்டுவிட்டு, நீங்கள் போட்ட மென்பொருட்களை நீக்கும். இரண்டாவது, பெயரே சொல்கிறது.

ஆபீஸ் லேப்டாப் என்றால் மேலே சொன்ன எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். போட்டோ எடுத்து ஐ.டி. டீமுக்கு டிக்கெட் போடுங்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோகவே கூடாது. அது நிறுவனத்தின் டேட்டா, திறப்பதே விதிமீறலாகிவிடும்.

மேக்புக் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். 2021-ல் மேக்ஓஎஸ் மான்டரே வந்தபோது, டி2 சிப் உள்ள சில பழைய மேக்கள் ஆன் ஆகாமல் போயின. எம் வரிசை சிப் உள்ள மேக்கில் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ் வரும். அங்கே டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி தொடர்ந்தால் சேஃப் மோடு. 'ரீஇன்ஸ்டால் மேக்ஓஎஸ்' கொடுத்தாலும் ஃபைல்கள் அழியாது. சர்வீஸ் சென்டரில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள்: 'ரிவைவ்' என்றால் டேட்டா இருக்கும், 'ரீஸ்டோர்' என்றால் அழிந்துவிடும்.

லேப்டாப் திரும்ப வந்துவிட்டது. அடுத்து?

நீக்கிய அப்டேட் சும்மா இருக்காது, மறுபடி தானாக ஏறப் பார்க்கும். செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' போய் 'பாஸ்' கொடுத்தால் 5 வாரம் வரை தள்ளிப்போடலாம். அதற்குள் அதே பிரச்சினை பலருக்கும் இருந்தால் மைக்ரோசாஃப்ட் தன் 'ரிலீஸ் ஹெல்த்' பக்கத்தில் ஒப்புக்கொண்டு, திருத்தத்தையும் விட்டிருக்கும். அதே செட்டிங்ஸில் 'கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ் அஸ் சூன் அஸ் தே ஆர் அவைலபிள்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை ஆஃப் செய்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால், சோதனை எலியாக முதல் வரிசையில் போய் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதற்காக அப்டேட்டையே நிரந்தரமாக முடக்கும் 'டிரிக்' வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம். இந்த அப்டேட்கள் அடைக்கும் ஓட்டைகள் நிஜமானவை. ஒரு வாரம் தாமதிப்பது வேறு, ஒரு வருடம் போடாமல் இருப்பது வேறு. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2025 அக்டோபர் 14-உடன் சாதாரண ஆதரவே முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை வரும்.

கிரவுட்ஸ்ட்ரைக் அனுபவத்துக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் 'குவிக் மெஷின் ரெகவரி' என்ற வசதியைக் கொண்டுவந்தது. பூட் ஆகாத லேப்டாப், ரெகவரி திரையிலிருந்தே இன்டர்நெட்டில் இணைந்து, அந்தப் பிரச்சினைக்கான திருத்தத்தைத் தேடி இறக்கிக்கொள்ளும். 2025-ல் இது விண்டோஸ் 11 24எச்2-க்கு வந்தது, ஹோம் பதிப்பில் தானாகவே ஆனில் இருக்கும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'ரெகவரி' போனால் பார்க்கலாம். ஆனால் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்து, மைக்ரோசாஃப்ட் திருத்தம் தயாரித்த பிரச்சினைக்குத்தான் இது மருந்து. உங்கள் லேப்டாப்புக்கு மட்டும் வந்த தலைவலிக்கு உதவாது.

இதைப் படிக்கும்போது உங்கள் லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்டு செக்யூரிட்டி' போய் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமான இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு நோட்பேட் ஃபைலில் சேமித்து வைக்காதீர்கள். அப்படிச் செய்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.